நான் பார்த்திருந்த நாலு நிமிஷம்

நான் பயந்த சுபாவம். மர்பி டவுனில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் சொல்ல வெட்கமில்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது வாசலுக்கு வந்து நிற்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அம்மா சொல்லும். சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தானே மாற்றிவிட்டு, "வாடி உள்ள, வெடிக்கல" என்று கூப்பிடும்.

இப்படிப்பட்டவள் சாஃப்ட்வேர் எழுதப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எது எங்கே உடையும் என்று நாள் முழுக்கக் கவலைப்படுவதற்கு அங்கே சம்பளம் தருகிறார்கள். ஈஜிபுராவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் கொண்ட கம்பெனி எங்களுடையது. அங்கேதான் அந்த ஓட்டப் பந்தயத்தின் வேலை வந்தது.

ஊரே திரண்டு வரும் பந்தயம் அது. விடியற்காலையில் சாலைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கான பேர் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுவார்கள். அதுவரை ஒவ்வொரு பிரிவும் தனித்தனி வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்தால் அந்தச் செய்தி ஐந்து குரூப்பில் ஐந்து விதமாக வரும், அல்லது வராமலே போகும். கன்ட்ரோல் ரூமில் உட்காரும் எல்லோரும் ஒரே இடத்தில் எழுதி, ஒரே இடத்தில் படிக்க ஒரு பொதுக் குறிப்பேடு வேண்டும் என்றார்கள். லாக் என்று பெயர். என்ன நடந்தது, எந்த கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, யார் கவனிக்கிறார்கள் என்று நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எழுதியதை அழிக்க முடியாது. தப்பென்றால் கீழே இன்னொரு வரி எழுதித்தான் திருத்த வேண்டும். மூன்று மாதத்தில் செய்து முடித்தேன்.

ஒத்திகை வைத்தோம். மெடிக்கல், செக்யூரிட்டி, சாலை, தண்ணீர், மேடை என்று ஐந்து மேசை. நான் வெளி வராந்தாவில் நின்றுகொண்டு ஒவ்வொரு மேசைக்கும் போன் போட்டுப் பொய்ச் செய்திகள் கொடுத்தேன். பதினோராவது கிலோமீட்டரில் மாடு புகுந்துவிட்டது என்றேன். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே வந்து பார்த்தால் லாகில் ஒரே ஒரு வரி இருந்தது. 'டெஸ்ட்' என்று நானே காலையில் எழுதியது. சாஃப்ட்வேர் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உடையவில்லை. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே மேடம்" என்றார் மெடிக்கல் மேசையின் டாக்டர்.

"அதுக்குத்தானே சார் இந்த லாக்."

"தெரியட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா எனக்கு முன்னாடி தெரியக் கூடாது."

மற்ற மேசைகள் எல்லாம் தலையாட்டின. செக்யூரிட்டி மேசையின் தலைவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அல்சூரில் வீடு. எல்லோரும் அவரை சுபேதார் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். "கையெழுத்து இல்லாம பட்டாளத்துல ஒரு மெசேஜ் வெளிய போவாதும்மா" என்று அவரும் சொன்னார். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருந்தது. முந்தைய வருஷம் மெடிக்கல் மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் 'ஹார்ட் அட்டாக்' என்று பொது குரூப்பில் போட்டுவிட்டாள். அது போட்டோவாகி எங்கெங்கோ போய், டி.வி.காரர்கள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். விழுந்தவர் வெறும் வயிற்றில் ஓடி மயங்கியவர். அந்தப் பெண்ணை மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆகவே டிராஃப்ட் கேட்டார்கள். மேசையில் இருப்பவர் எழுதுகிற வரி முதலில் அந்த மேசைக்கு மட்டும் தெரியும். மேசைத் தலைவர் பார்த்து, பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் படும். எங்கள் டீம் லீட் யோசிக்கவே இல்லை. "கேக்கறத குடுத்துடு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். கொடுத்தேன். கொடுத்தபின் லாகில் வரிகள் மளமளவென்று வந்தன. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இந்த டிராஃப்ட் வேற யாருக்குத் தெரியும்?" என்று டாக்டர் கேட்டார். ஏதாவது சிக்கிக்கொண்டால் சரி செய்ய என் திரையில் மட்டும் எல்லா மேசையின் டிராஃப்டும் தெரியும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. டிராஃப்டில் பார்ப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நிலைமையைச் சுமுகமாக்க, "நான் தபால்காரி சார். தூக்கிட்டுப் போவேன், பிரிச்சுப் படிக்க மாட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர்கள் என் ஜோக்குக்குச் சிரித்ததில் எனக்குப் பெருமை வேறு.

பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் நான் பயப்படாத பொருளே இல்லை. கரண்ட் போனால், ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால், கூட்டத்தில் நெட்வொர்க் அடைத்துக்கொண்டால், யாராவது காபியை லேப்டாப்பில் கொட்டினால். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருந்தேன். பைக்குள் மூன்று நோட்டும் பத்துப் பேனாவும் இருந்தன. பச்சைப் பொத்தானை அழுத்த ஆள் இல்லாமல் போனால் என்ன என்று ஒரு நாளும் நான் பயப்படவில்லை. இத்தனை பயந்தவளுக்கு அது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்கு வர முடியாது என்று அம்மாவிடம் ஏற்கெனவே திட்டு வாங்கியிருந்தேன். கன்ட்ரோல் ரூம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லாட வடிவத்தில் ஐந்து மேசைகள், நடுவில் பெரிய திரை, சுவர் ஓரமாக என் நாற்காலி. ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் லாக் அழகாக ஓடியது. மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் டம்ளர் தீர்ந்தது, வண்டி போகிறது. ஏழாவதில் ஒரு ஸ்கூட்டர்காரர் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தார், வெளியே அனுப்பியாகிவிட்டது. ஆறு நாற்பதுக்கு சுபேதார் சார் மேசையிலிருந்து ஒரு வரி வந்தது: விருந்தினர்களுக்கான ஆம்புலன்ஸ் பதினாறாவது கிலோமீட்டர் தாண்டி மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிறது, தயார். அது மெடிக்கல் மேசைக்குச் சேராத வண்டி. முக்கிய விருந்தினர்களுக்கென்று செக்யூரிட்டி தனியாக வைத்திருந்தது.

ஏழு மணிக்கு டீம் லீட் கீழே டிபன் சாப்பிடப் போனார். தொடக்க மேடையில் விருந்தினர் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டரும் கிளம்பிப் போனார். மெடிக்கல் மேசையில் நர்சிங் முடித்த ஒரு சின்னப் பெண் மட்டும் இருந்தாள்.

ஏழு பன்னிரண்டுக்கு மெடிக்கல் மேசையின் டிராஃப்டில் ஒரு வரி வந்து நின்றது.

பதினாறாவது கிலோமீட்டர். ஆண். விழுந்துவிட்டார். நினைவில்லை. வாலண்டியர் நெஞ்சை அழுத்துகிறார்.

படித்தேன். தபால்காரி பிரித்துப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, குனிந்து, மறு கையால் வாயை மறைத்தபடி கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தங்கள் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்தது. அது பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருந்தது. நடுவில் ஓடிவரும் கூட்டத்தைக் கடக்க வேண்டும். அதை வைத்துவிட்டு டாக்டருக்குப் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மேடையில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும், போன் கேட்டிருக்காது. திரும்பப் போட்டாள். பச்சைப் பொத்தான் டாக்டருடையது. அவள் கை அதன் பக்கம் போகவே இல்லை. முந்தைய வருஷத்துப் பெண்ணின் கதை அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். விழுந்தவர் எங்கே என்பதும் தெரியும், அவருக்குக் கூப்பிடு தூரத்தில் சும்மா நிற்கிற வண்டி எங்கே என்பதும் தெரியும். சுபேதார் சாருக்கு வண்டி தெரியும், ஆள் விழுந்தது தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ஆள் விழுந்தது தெரியும், வண்டி தெரியாது. வண்டியைப் பற்றி ஆறு நாற்பதுக்கு வந்த வரி மேலே எங்கோ ஏறிப்போய்விட்டது. அதைத் தேடிப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

எழுந்து பத்து அடி நடந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் எழுந்திருக்கவில்லை. திரையை மறுபடி புதுப்பித்துப் பார்த்தேன். வரி அங்கேயே இருந்தது. ஏழு பதின்மூன்று. டாக்டர் இப்போது போனை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. டீம் லீட் வந்துவிட்டால் அவரிடம் சொல்லிவிடலாம், அவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று கதவைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். ஏழு பதினான்கு. இதுவும் வெறும் மயக்கமாக இருந்தால், நான் போய்க் கத்தி, ஊரைக் கூட்டி, அப்புறம் அந்தப் பெண்ணோடு என்னையும் மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினால் என்று யோசித்தேன். பயந்தேன். தார்ச்சாலையில் கிடந்த அந்த மனிதருக்காக இல்லை, எனக்காகப் பயந்தேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஏழு பதினைந்து. அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சுபேதார் சார் மேசைக்கு முன்னால் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"சார், பதினாறுல ஒருத்தர் விழுந்துட்டார். நினைவில்ல. உங்க வண்டி பக்கத்துல நிக்குது."

அவர் பெரிய திரையைப் பார்த்தார். "லாக்ல இல்லையேம்மா."

"டிராஃப்ட்ல இருக்கு சார்."

"யாரோட டிராஃப்ட்?"

நான் மெடிக்கல் மேசையின் பக்கம் பார்த்தேன். அவர் ஒரு விநாடி என்னையும் அந்தப் பெண்ணையும் பார்த்தார். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, "மேம்பாலம் வண்டி, பதினாறுக்குப் போ. ஜல்தி. ஆள் நினைவு இல்லாம கிடக்கான்" என்றார். மேசை மேல் கிடந்த சின்ன டைரியில் மணியைக் குறித்துக்கொண்டார். ஏழு பதினாறு.

வண்டி இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் கருவி அதில் இருந்தது. மெடிக்கல் மேசையின் சொந்த ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு ஒன்பது நிமிஷம் கழித்து வந்தது. டாக்டர் மேலே வந்து பச்சைப் பொத்தானை அழுத்தியபோது ஏழு முப்பத்தைந்து. அந்த வரி அப்போதுதான் பெரிய திரையில் வந்தது. அதற்குள் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டது. "இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? யாராச்சும் செத்தாங்களா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா இன்னா அர்த்தம்?"

அம்மா பீஃப் குழம்பு வைத்திருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அம்மா திட்டவில்லை, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்து எல்லா மேசைகளையும் கூட்டி நடந்ததைப் பற்றிப் பேசினார்கள். ஆள் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, குனிந்து பேனாவைத் தேடுகிற மாதிரி சமாளித்தேன். அவர் உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். டிராஃப்ட் எப்படி வெளியே போனது என்பதுதான் அந்த அடுத்த விஷயம்.

"இன்னிக்கு நல்லதுக்கு ஆச்சு, சரி. நாளைக்கு ஒரு அரைகுறைச் செய்தி இப்படி வெளிய போனா யார் பொறுப்பு? அட்மினுக்குக்கூட டிராஃப்ட் தெரியக் கூடாது. பூட்டிடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேறொரு கேள்விக்காக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். வரியை எப்போது பார்த்தாய், எப்போது சொன்னாய், நடுவில் என்ன செய்தாய்? யாரும் அதைக் கேட்கவில்லை. அச்சடித்துக் கொடுத்திருந்த தாளில் வரி எழுதிய நேரம் இருந்தது, பச்சைப் பொத்தான் அழுத்திய நேரம் இருந்தது. நான் பார்த்த நேரத்துக்கு அதில் இடமே இல்லை. லாகை அப்படிச் செய்தவள் நான்தான். "பூட்டிடறேன் சார்" என்றேன். டீம் லீட் மேசைக்கு அடியில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

படியில் இறங்கும்போது சுபேதார் சார் பின்னால் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார் போல. விழுந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம்.

"பேச்சு தடுக்குதும்மா. வார்த்தை தேடித் தேடி வருது. பெரிய பையன் பேரு சொல்றதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. சரியாயிடலாம், ஆவாமலும் போலாம்னு சொல்றாங்க."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எப்பம்மா பார்த்தே?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை. "ஏழு பன்னெண்டு சார்."

அவர் டைரியை எடுக்கவில்லை. ஏழு பதினாறு என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். "ம்" என்றார். எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

டிராஃப்டைப் பூட்ட எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. முடித்துச் சோதித்துப் பார்த்தபோது என் திரையில் ஒவ்வொரு மேசைக்கும் நேராக ஒரு எண் மட்டும் நின்றது. டிராஃப்டில் எத்தனை வரி காத்திருக்கிறது என்கிற எண். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தத் திரையைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. நிம்மதி. இனிமேல் எதுவும் என் கண்ணில் படாது, எதற்கும் நான் எழுந்திருக்க வேண்டாம். கீழே பேக்கரிக்குப் போய் ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கித் தின்றேன், ருசியாகவே இருந்தது. பாதி தின்ற பிறகுதான் அந்த நிம்மதியைக் கண்டே பயம் பிடித்தது. அதுவரை கரண்ட், சிலிண்டர், லிஃப்ட் என்று பயந்தவள் அன்றைக்குத்தான் என்னைக் கண்டு பயந்தேன். மீதி பன்னை அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷப் பந்தயத்துக்கு வர மாட்டேன் என்று டீம் லீடிடம் சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை என்றார். அதே அறை, அதே மேசைகள், சுவர் ஓரம் அதே நாற்காலி. மெடிக்கல் மேசையில் வேறொரு பெண். டாக்டர் இந்தத் தடவை எங்கும் நகராமல் உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. ஐந்து ஐம்பதுக்கு மெடிக்கல் மேசைக்கு நேரே 'ஒன்று' என்று விழுந்தது.

அது என்னவாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம், "என்னம்மா அது?" என்றேன்.

அவள் டாக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒருத்தருக்குக் கால் நகம் பேந்துடுச்சு மேடம்" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி 'ஒன்று'. எழுந்து போனேன். வயிற்று வலி. அடுத்த தடவை 'இரண்டு'. சுளுக்கும் வாந்தியும். அப்புறம் சாலை மேசை, அப்புறம் செக்யூரிட்டி, மறுபடி மெடிக்கல். ஆறாவது தடவை டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், உங்க வேலை கம்ப்யூட்டரைப் பார்க்கறது. உக்காருங்க." "சரி சார்" என்று உட்கார்ந்தேன். எண் மாறியதும் எழுந்து போய் நின்றேன். டீம் லீட் என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்காத குறை.

செக்யூரிட்டி மேசைக்கு நாலாவது தடவை போனபோது சுபேதார் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா சும்னே இப்டி அலையுறே? ஒண்ணும் ஆவல."

"பயமா இருக்கு சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் மேசையின் டிராஃப்டைத் திறந்தார். திரையைப் பிடித்து, நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கிற மாதிரி என் பக்கம் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவருடைய மேசைக்கு நான் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. மெடிக்கல் மேசைக்கு, கடைசி ஆள் ஓடி முடிக்கும்வரை, நடந்துகொண்டே இருந்தேன்.